இது சொல்லலாம், இது சொல்ல மாட்டேன்

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. கேட்காமல் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. கேட்கலாம் என்றால் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. கலிஃபோர்னியாவில், லிவர்மோரில் எங்கள் பள்ளித் தமிழ் அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அவருக்குக் ‘கல்லு டீச்சர்’ என்று பெயர். நான் வைத்த பெயர் இல்லை. ஆனால் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

டீச்சர் என்று சொன்னாலும் அவர் டீச்சர் இல்லை. ஊருக்குள் ஒரு டயர் கடையில் கவுண்ட்டரில் வேலை. நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். ஜீன்ஸ், கடையின் நீலச் சட்டை, பின்னால் இறுக்கிக் கட்டிய முடி. வருடத்தில் நாலைந்து நாள் லீவு போட்டுவிட்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த மண்ணின் முதல் ஜனங்களைப் பற்றிச் சொல்லித்தரப் பள்ளிக்கு வருவார். அவரே அந்த ஜனங்களில் ஒருவர். பாடத்தில் அவர்களுக்கு ஓலோனி என்று போட்டிருந்தது. அது புத்தகம் எழுதினவர்கள் பல கூட்டத்தாருக்கும் சேர்த்துப் போட்ட பெயர் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அப்படியானால் உங்கள் கூட்டத்தின் பெயர் என்ன என்று பிள்ளைகள் கேட்டன. சொன்னார். சொல்லிவிட்டு, இதை இந்த அறையில் சொல்லலாம், எழுதி ஒட்ட வேண்டாம் என்றார்.

அதுதான் அவர். எதை எடுத்தாலும் இரண்டாகப் பிரிப்பார். இது சொல்லலாம், இது சொல்ல மாட்டேன்.

எனக்கு அந்த வகுப்பில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரருக்குக் கோயில் சமையல்கூடத்தில் வேலை. அவர் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்த எனக்குச் சம்பளத்துக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கும். அதனால் மகள் யாழினி படித்த பள்ளியில் வாலண்டியராகச் சேர்ந்தேன். கைரேகை எடுக்க வேண்டும் என்றார்கள். அதைக் கேட்டு இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை, ரேகையைப் பார்த்துவிட்டு ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயம். கோவில்பட்டிப் பக்கம் எட்டாவதோடு படிப்பை விட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கப் போனவள் நான். திரும்பவும் ஒரு வகுப்பறையின் பின்வரிசையில் உட்காரக் கிடைத்ததே எனக்குப் பெரிது. டீச்சர் மெதுவாகப் பேசுவார், இங்கிலீஷ் முக்கால்வாசி புரியும். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த தமிழில்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் நாள் ஒரு பை நிறைய ஓக் மரத்துக் கொட்டை கொண்டுவந்தார். அதைக் காயவைப்பது, உடைப்பது, பாறைக் குழியில் போட்டு இடிப்பது, கசப்புப் போகும்வரை மாவைத் தண்ணீர் விட்டு அலசுவது, கூடையில் கரைத்துச் சுட்ட கல்லை உள்ளே போட்டுக் கொதிக்கவைப்பது என்று ஒன்று விடாமல் சொன்னார். எத்தனை தடவை அலச வேண்டும் என்று நான்கூடக் கையைத் தூக்கிக் கேட்டேன். எண்ணிக்கையெல்லாம் கிடையாது, நாக்கில் வைத்துப் பாருங்கள் என்றார். என் வீட்டுக்காரரிடம் எந்தச் சமையலைப் பற்றிக் கேட்டாலும் வருகிற பதில்.

அப்புறம் ஒரு பாட்டுப் பாடினார். அரை நிமிஷம் இருக்கும். கார்த்திக் என்ற பையன் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டான்.

“இது சொல்ல மாட்டேன்.”

“ஏன், மறந்துபோச்சா?”

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். “மறக்கல. இது எங்க வீட்டுப் பாட்டு. நீங்க கேக்கலாம். அர்த்தத்தை எடுத்துக் குடுக்க எனக்கு உரிமை இல்ல.”

தண்ணீர், கல், ஓக் மரம், மான், அம்மா என்று ஐந்து சொல் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். ஒரு பெண் அதை நோட்டில் எழுதப் போனாள். அவர் பக்கத்தில் போய் நோட்டை மெதுவாக மூடினார். வாயில் இருக்கட்டும், தாளில் வேண்டாம். இதற்கு முன்னால் எழுதி எடுத்துக்கொண்டு போனவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். எனக்கு அந்த ஐந்து சொல்லும் இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அந்த வாரம் குரூப்பில் இதே பேச்சு. சொல்லிக்கொடுக்க வந்துவிட்டு சொல்ல மாட்டேன் என்றால் எதற்கு ஒரு கிளாஸ் என்று ஒரு அம்மா கேட்டார். “எனக்கு இப்படி ஒரு மேடம் கிடைச்சிருந்தா நான் இன்ஜினியரிங் பக்கமே வந்திருக்க மாட்டேன், தப்பிச்சிருப்பேன்” என்றார் இன்னொருவர். நான் சிரிக்கிற பொம்மை ஒன்று போட்டேன்.

இரண்டாம் முறை அவர் வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்கள் ஜனங்களில் செத்தவர்களை எங்கே புதைத்தார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டது. நான் படித்த பள்ளியில் இதைக் கேட்டிருந்தால் தலையில் குட்டு விழுந்திருக்கும். அவர், கடல் பக்கம் ஃபிரீவேயில் போனவர்கள், அங்கே மாலில் கார் நிறுத்தினவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். எல்லாக் கையும் மேலே போனது.

“அப்ப நீங்க அவங்க மேலதான் போயிருக்கீங்க.”

எந்த ஃபிரீவே, எந்த மால் என்று பிள்ளைகள் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். அதைச் சொல்ல மாட்டேன் என்றார். சொன்னால் அந்த ஒரு இடத்தில் மட்டும் பார்த்துப் போவீர்கள், மற்ற இடத்தில் மிதிப்பீர்கள்.

அன்றிலிருந்து ஃபிரீவேயில் ஏறினால் என் கால் காரின் தரையில் நிற்காது. தூக்கி சீட்டில் வைத்துக்கொள்வேன். “எதுக்கு இப்படி உக்காந்திருக்க, கார்ல தண்ணியா நிக்குது?” என்பார் வீட்டுக்காரர். காரணம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் மெதுவாக ஓட்டினார், பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

அந்தக் காருக்கு டயர் மாற்றப் போனபோதுதான் அவரைக் கவுண்ட்டரில் பார்த்தோம். யாழினி குதித்துக்கொண்டு அப்பாவிடம் அவர் யாரென்று சொன்னாள். வீட்டுக்காரர் ஆச்சரியத்தில், “இவங்கள்லாம் இன்னும் இருக்காங்களா?” என்று தமிழில் கேட்டுவிட்டார். கேட்டது என்னிடம். யாழினிக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் சொல்லுவாள். அப்பா கேட்டதை அப்படியே அவருக்கு இங்கிலீஷில் சொல்லிவிட்டாள். எனக்குத் தரை பிளந்தால் தேவலை போலிருந்தது. அவர் கம்ப்யூட்டரில் இருந்து கண்ணை எடுக்காமல், “திங்கள்ல இருந்து சனி வரைக்கும், எட்டுல இருந்து அஞ்சு வரைக்கும் இருக்கேன்னு அப்பாகிட்ட சொல்லு” என்றார். அதற்கப்புறம் எந்த டயர் எத்தனை நாள் உழைக்கும், எதை வாங்கி ஏமாறக் கூடாது என்று கால் மணி நேரம் பேசினார். டயர் விஷயத்தில் அவரிடம் சொல்லக் கூடாதது எதுவும் இல்லை.

மே மாதம், அந்தக் கொட்டை இடித்த பாறையைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற நாள் வந்தது. அதற்கு நாலு நாள் முன்பு எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பத்துக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. வீட்டுக்காரர் செய்வது கோயில் வேலைதான் என்பதற்கு இன்னும் ஆதாரம் வேண்டுமாம். வக்கீல் இது சாதாரணம் என்றார். எனக்கு எதுவும் சாதாரணம் இல்லை. நாலு நாளும் சாப்பாடு இறங்கவில்லை. கோயில் குங்குமமும் மஞ்சளும் கற்பூரமும் ஒரு சின்ன டப்பாவில் எப்போதும் என் கைப்பையில் இருக்கும். அந்த நாலு நாளும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாறை இருந்தது ஒரு மாட்டுப் பண்ணைக்குள். பண்ணைக்காரர் வயதான வெள்ளைக்காரர். அவரிடம் டீச்சரின் அம்மா ஒன்பது வருஷம் கேட்டுக் கேட்டு, கடைசியில் கேட்டைத் திறக்க அழுத்துகிற எண்ணை வாங்கினாராம். வருடத்துக்கு நாலு நாள் வரலாம். அம்மா போன பிறகு அது டீச்சருக்கு வந்தது. கேட் முன்னால் பிள்ளைகளை நிறுத்தி அவர் சொன்னார்: எதையும் எடுக்கக் கூடாது, எதையும் விட்டுவரக் கூடாது, நெருப்பு கூடாது. இந்த மூன்றுக்கும் நான் வார்த்தை கொடுத்திருக்கிறேன்.

எனக்குப் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். நோ ஃபயர் என்பது எட்டாவது படித்தவளுக்கும் புரியும்.

மேட்டின் மேல் ஓக் மரங்களுக்குக் கீழே அகலமான பாறை. அதில் வரிசை தப்பிய குழிகள். எத்தனையோ தலைமுறைப் பெண்கள் உட்கார்ந்து இடித்த குழிகள். உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. ஒன்றில் மழைத் தண்ணீர் நின்றது. டீச்சர் ஓரமாக உட்கார்ந்தார், பாறை மேல் ஏறவில்லை. இது கோயிலா என்று ஒரு பிள்ளை கேட்டது.

“இது சொல்ல மாட்டேன்.”

என் உடம்பு சிலிர்த்தது. கோயில் இல்லையென்றால் இல்லை என்று சொல்லியிருப்பாரே. நம் வீட்டில் அம்மி, ஆட்டுக்கல்லுக்குப் பொட்டு வைக்கிறோம், ஆயுத பூஜைக்கு மிக்சிக்குக்கூட வைக்கிறோம். இவ்வளவு கைகள் பட்ட கல் வெறும் கல்லாகவா இருக்கும்?

பிள்ளைகளைச் சாப்பிடக் கீழே இறக்கினார்கள். இருபத்து மூன்று தலையை எண்ணிவிட்டு, தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டேன் என்று மேலே ஓடினேன். தண்ணீர் இருந்த குழியின் விளிம்பில் மஞ்சள் தடவி மூன்று குங்குமப் பொட்டு வைத்தேன். பையில் இருந்த தீப்பெட்டியை எடுத்து, பக்கத்துக் காய்ந்த குழியில் ஒரு வில்லை கற்பூரம் ஏற்றினேன். கற்பூரம் எதையும் மிச்சம் வைக்காது, குங்குமத்தை மழை கழுவிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல். தீப்பெட்டி ஆபீசில் ஒரு ஷெட் எரிந்ததைப் பதினாலு வயதில் கண்ணால் பார்த்தவள் நான். அன்றைக்கு அந்தப் புல் என் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தக் கடிதம்தான் தெரிந்தது. கற்பூரம் அணையும்வரை நின்று கும்பிட்டுவிட்டு இறங்கினேன். பஸ்ஸில் டீச்சருக்கு ஆரஞ்சுப் பழம் கொடுத்தபோது அவர் என் விரலைப் பார்த்தார். பழத்தை வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் பள்ளியில் இருந்து ஈமெயில் வந்தது. பாறையில் யாரோ சாயம் பூசி நெருப்பு வைத்திருக்கிறார்கள், மற்ற வகுப்புகளின் பயணம் ரத்து, தெரிந்தவர்கள் சொல்லவும். கூடவே ஒரு படம். மஞ்சள் மேல் மூன்று பொட்டு, பக்கத்தில் கருகிய வட்டம். கற்பூரம் கரி வைத்திருந்தது.

அந்தப் படத்தைப் பார்த்த எந்தத் தமிழ் அம்மாவுக்கும் அது சாயம் இல்லை என்று தெரியும். எண்பது பேர் இருக்கிற குரூப். காலையில் இருந்து மத்தியானம் வரை ஒருத்தர் ஒரு எழுத்து எழுதவில்லை. பிறகு குரூப்பை நடத்துகிற சுதா அக்கா எனக்கு போன் பண்ணினார்.

“நீதானான்னு நான் கேக்க மாட்டேன். நீயும் சொல்லிடாத. ஒருத்தர் ஒத்துக்கிட்டா நம்ம எல்லார் பேரும் கெடும். உனக்கு கிரீன் கார்டு வேற பெண்டிங்ல இருக்கு.”

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அடுத்த நாள் பள்ளியில் வகுப்பு டீச்சர் சொன்னதுதான் என்னை உடைத்தது. பண்ணைக்காரர் யாரையும் தேடவில்லையாம். செய்தது அந்தப் பெண்தான், அவங்க சடங்கு ஏதோ செய்து வார்த்தையை மீறிவிட்டாள் என்று முடிவுகட்டி, கேட்டின் எண்ணை மாற்றிவிட்டாராம். கல்லு டீச்சரும் மறுக்கவில்லையாம்.

பதினோரு நாள் வாயைத் திறக்கவில்லை. கார்டு வரட்டும், அப்புறம் சொல்லலாம் என்றார் வீட்டுக்காரர். பன்னிரண்டாம் நாள் யாழினியைக் கூட்டிக்கொண்டு டயர் கடைக்கு நடந்தே போனேன். என் இங்கிலீஷ் இதற்குப் போதாது. நான் தமிழில் சொல்ல, எட்டு வயதுப் பிள்ளை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். பாதி சொன்னதும் யாழினி என் பக்கம் திரும்பினாள். “யூ டிட் தட்?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தாள்.

“தெரியும். உங்க விரலைப் பார்த்தேன்” என்றார் அவர்.

அப்புறம் ஏன் பண்ணைக்காரரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அது நான் சொல்ல வேண்டியது இல்ல. நீங்க சொல்ல வேண்டியது.” வாசலில் டயர் உருட்டிக்கொண்டு வந்தவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். “அந்தக் கல்லுகிட்ட ஏதோ கேட்டீங்கல்ல. கேக்கலாமான்னு யாரையாவது கேட்டீங்களா?”

யாழினி இதைத் தமிழில் சொல்லவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு என்னைப் பண்ணைக்குக் கூட்டிப்போனார். பாஸ்போர்ட், விசா, கோயில் கடிதம், கல்யாணப் பத்திரிகை வரைக்கும் இருக்கிற மொத்த ஃபைலையும் கையில் எடுத்துக்கொண்டார். கைது பண்ணினால் காட்ட வேண்டுமே. யாழினி திரும்பவும் சொன்னாள். பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். முடிந்ததும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் எதிர்பார்க்கவே இல்லை. உங்கள் கோயிலுக்கு நான் வந்திருக்கிறேன், சாப்பாடு அருமை என்றார். நீங்கள் சாமி கும்பிடுகிற ஜனங்கள், கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டீர்கள் என்றார். பிறகு ஒரு தாளில் கேட்டின் புது எண்ணை எழுதி என் கையில் கொடுத்தார். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், நெருப்பு மட்டும் வேண்டாம்.

அந்த அம்மாள் மேல் தப்பில்லை, எண்ணை அவருக்குக் கொடுங்கள் என்று யாழினியைச் சொல்லச் சொன்னேன். பண்ணைக்காரர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். “வார்த்தை குடுத்தது அவங்க. பார்த்துக்கிட்டிருக்க வேண்டியது அவங்க. வேணும்னா உங்ககூட வரட்டும்.”

அந்தத் தாளைக் கொண்டுபோய் டயர் கடையில் அவர் முன்னால் வைத்தேன். பண்ணைக்காரர் சொன்னதை யாழினி சொன்னாள். அவர் எண்ணைப் படிக்கவில்லை. தாளை மடித்து என் பக்கமே தள்ளினார். இதைக் கேட்டு வாங்க எத்தனை நாளாயிற்று என்றார். எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்.

“எங்க அம்மாவுக்கு ஒன்பது வருஷம். உங்களுக்கு எவ்வளவு நேரம்?”

பத்து நிமிஷம் இருக்கும். நான் சொல்லவில்லை. அவர் மேஜையைப் பார்த்தபடியே, “ஒரு தடவை என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?” என்றார்.

போனது அந்த ஒரு தடவைதான். கோடை விடுமுறை முடிந்தபோது டயர் கடையில் வேறு ஆள் இருந்தார். பள்ளிக்கும் அவர் அதற்கப்புறம் வரவில்லை. எங்கள் கார்டு அடுத்த வருடம் வந்தது. கல்லு குடுத்துருச்சு என்று வீட்டுக்காரர் வாய்தவறிச் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

நானும் டீச்சரும் போனது ஒரு ஜூன் மாதக் காலை. எண்ணை நான் அழுத்தினேன். கேட் திறந்தது. அவர் உள்ளே போகாமல் நின்றார். நான் முதலில் போக வேண்டும் என்று அப்புறம்தான் உறைத்தது. மேட்டில் நான் முன்னால், அவர் பின்னால். பாதி வழியில் என்னை நிற்கச் சொன்னார். நின்றேன். அவர் தனியாக ஏறிப் போனார். நான் பாறைக்கு முதுகு காட்டிக்கொண்டு, பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் பண்ணைக்காரர் தன் சின்ன வண்டியில் வந்தார். இன்ஜினை நிறுத்தவில்லை. மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். அவள் உன்னோடு வந்தவளா என்று என்னிடம் கேட்டார். யாழினி பக்கத்தில் இல்லை. நான்தான் பதில் சொல்ல வேண்டும். மேலே நின்ற டீச்சர் காதிலும் விழுந்திருக்கும், அவ்வளவு சத்தமாகக் கேட்டார்.

“எஸ்,” என்றேன். “ஷி வித் மீ.”

பண்ணைக்காரர் எனக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.